கியர் பாக்ஸை மூன்று முறை இறக்கினேன்

39 நாள். என் லாரி பட்டறையில் நின்ற நாளை எண்ணிப் பார்த்தால் அவ்வளவு வருகிறது. எல்லாச் சாமானும் கையில் இருந்தால், கிளட்ச் மாற்றி, கியர் பாக்ஸைப் பிரித்துக் கோர்ப்பது நல்ல மெக்கானிக்குக்கு ஐந்தாறு நாள் வேலை. மீதி நாளெல்லாம் தப்பான சாமானை வாங்கியதிலும், அதைத் திருப்பிக் கொடுக்க அலைந்ததிலும், மாட்டியதைக் கழற்றி மறுபடி மாட்டியதிலும் போயிற்று. வண்டி ஓடவில்லை, தவணை மட்டும் நிற்காமல் ஓடியது. கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியை மூன்று முறை கொடுத்தேன். கடைசியில் கணக்குப் பார்த்தால், முதலிலேயே எல்லாம் முதல் தரத்தில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். யாராவது ஒருத்தர் முன்னாடியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இதில் பாதி மிச்சமாகியிருக்கும்.

வண்டி செகண்ட் ஹேண்ட். எனக்கு முன்னால் இரண்டு கை மாறியது. இது கதைக்கு முக்கியம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. முதல் அறிகுறி, லோடோடு ஏற்றம் ஏறும்போது எஞ்சின் இரைச்சல் கூடும், வேகம் கூடாது. கூடவே ஒரு கருகல் வாடை. இன்னொன்று, நாலிலிருந்து மூன்றுக்கு இறக்கும்போது பல் கர்ரென்று உரசும். நான் என்ன செய்தேன் தெரியுமா? டபுள் கிளட்ச் அடித்து (ஒரு கியர் மாற்ற கிளட்சை இரண்டு முறை மிதித்து), ஆக்சிலரேட்டர் கொடுத்து, சத்தமே வராமல் கியர் போடப் பழகிக்கொண்டேன். ‘நம்ம கைப்பழக்கம் அப்படி’ என்று பெருமை வேறு. சிங்க்ரோ ரிங் (கியர் விழுமுன் இரண்டு பக்க வேகத்தையும் ஒன்றாக்கும் பித்தளை வளையம்) தேய்ந்துபோனதை இரண்டு மாதம் என் திறமையால் மூடி மறைத்தேன், அவ்வளவுதான். அந்த இரண்டு மாதத்தில் ரிங்கோடு போக வேண்டிய தேய்மானம் கியரின் பல் வரைக்கும் போய்விட்டது.

இனி தாங்காது என்று ஆனபோது, சாமான் முன்கூட்டியே கையில் இருந்தால் நாள் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். வண்டி மாடல், தயாரித்த ஆண்டு, 17 எழுத்துள்ள சேசிஸ் நம்பர் எல்லாவற்றையும் கடைக்குப் போனில் சொல்லி, பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட்டை வாங்கி வைத்தேன். பெட்டியை இறக்கினோம். புது பிளேட்டை இன்புட் ஷாஃப்டில் (எஞ்சின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுபோகும் தண்டு) நுழைத்துப் பார்த்தால் நுழையவே இல்லை. விட்டம் 430 மில்லிமீட்டர், அது சரி. நடுவில், ஷாஃப்டின் வரிப்பல்லோடு கோத்துக்கொள்ளும் ஸ்ப்ளைன் பல்தான் வேறு. என் ஷாஃப்டில் 10, வாங்கி வந்த பிளேட்டில் 18. கடைக்காரர்மேல் தப்பே இல்லை. சேசிஸ் நம்பருக்கு அவர் சரியான சாமானைத்தான் கொடுத்தார். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒருவர் பழைய கியர் பாக்ஸ் போனதும் வேறு பெட்டியை வாங்கி மாட்டியிருக்கிறார். வண்டியின் பத்திரம் ஒன்று சொல்கிறது, வண்டியின் வயிற்றில் வேறொன்று இருக்கிறது. பிரித்த செட் என்பதால் கால் பங்கு விலையைக் கழித்துக்கொண்டு எடுத்துக்கொண்டார்கள். சரியானது வந்து சேர ஒன்பது நாள்.

கியர் பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்ன உலோகத் தகடு ஆணியடித்திருக்கும். என் வண்டியில் அதன்மேல் விரற்கடை கனத்துக்கு மண்ணும் கிரீஸும் அப்பியிருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, டீசல் துணியால் துடைத்தால் மாடல், சீரியல் நம்பர், பாகப் பட்டியல் நம்பர் எல்லாம் வந்தது. சாமான் வாங்குவதற்கு வேண்டிய ஜாதகம் அதுதான். ரொம்பப் பேர் நினைப்பதுபோல லாரிக் கம்பெனிகள் எல்லாம் தங்கள் கியர் பாக்ஸைத் தாங்களே செய்வதில்லை. ஜெர்மனியில் 1915-இல் ஆகாயக் கப்பல்களுக்குப் பல்சக்கரம் செய்யத் தொடங்கிய இசட்எஃப், அமெரிக்காவின் ஈட்டன் மாதிரியான கம்பெனிகளின் பெட்டிதான் பல பெயருள்ள லாரிகளுக்குள் இருக்கிறது. ஒரே மாடலில் ஒரே வருஷத்தில் இரண்டு விதப் பெட்டி வருவதும் உண்டு. பெட்டியின் பெயரே கொஞ்சம் பேசும். இசட்எஃப்பில் 9எஸ் என்று தொடங்கினால் முன்னோக்கி ஒன்பது கியர், சிங்க்ரோ உள்ள பெட்டி. 16எஸ் என்றால் பதினாறு. தகடு கழன்று போயிருந்தால் வார்ப்பு உடம்பில் உள்ள எண், ஒவ்வொரு கியரின் பல் எண்ணிக்கை, ஷாஃப்டின் ஸ்ப்ளைன் எண்ணிக்கை, அதன் விட்டம் இவற்றை எண்ணி எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மாடலும் வருஷமும் சொல்லிச் சாமான் வாங்கும் பழக்கத்தை நான் அன்றோடு விட்டேன்.

பிரித்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. வடித்த எண்ணெயில் தங்கத்தூள் மாதிரி மினுமினுப்பு, அது பித்தளை ரிங்கின் தேய்மானம். வடிப்பு போல்ட்டில் உள்ள காந்தத்தில் மெல்லிய கரும்பசை ஒட்டியிருந்தால் கவலையில்லை, அது சாதாரணம். என்னுடையதில் நெல்மணி அளவுக்கு எஃகுச் சில்லு இரண்டு இருந்தது. மூன்றாவது கியரின் நாய்ப்பல் (கியர் விழும்போது கோத்துக்கொள்ளும் சின்னப் பல்) முனை மழுங்கி உடைந்திருந்தது. கிளட்ச் பிளேட் பாதி தேய்மானத்தில்தான் இருந்தது. பிறகு ஏன் வழுக்கியது? இன்புட் ஷாஃப்ட் ஆயில் சீல் கசிந்து, பிளேட் எண்ணெயில் ஊறியிருந்தது. சீலை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றியிருந்தால் புதுப் பிளேட்டும் ஒரே மாதத்தில் அதே கதிதான். கிளட்ச் போனால் ‘தேய்ந்துவிட்டது’ என்று யார் சொன்னாலும், எதனால் போனது என்று கேட்காமல் நகராதீர்கள். ஒன்று இடையில் சொல்லிவிடுகிறேன்: கிளட்சில் படிந்திருக்கும் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். பிளேட்டின் உரசும் பூச்சான லைனிங், பழையது என்றால், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குள் போனால் வராது. ஈரத்துணியால் துடையுங்கள்.

இந்த இடத்தில்தான் என் சிக்கனம் விழித்துக்கொண்டது. பட்டியல் நீளம். கிளட்ச் செட்டுக்கு ஏற்கனவே நிறையப் போய்விட்டது. பெரிய பேரிங்குகளை அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்கினேன். சின்னச் சாமானில் மிச்சம் பிடிக்கலாம் என்று, சிங்க்ரோ ரிங்குகளை வேறொரு இடத்தில் பாதி விலைக்கு எடுத்தேன். அட்டைப்பெட்டியில் பெரிய கம்பெனிப் பெயர், பளபளவென்று ஹோலோகிராம் ஸ்டிக்கர். கிளட்ச் பிளேட் போய் அழுந்தும் எஞ்சின் சக்கரமான ஃபிளைவீலின் முகத்தில் நீலத் திட்டும் மயிரிழை விரிசலும் இருந்தன. லேத்துக்கு அனுப்பினால் இரண்டு நாள் ஆகும் என்று எமரி தாள் போட்டுத் தேய்த்துச் சமாளித்தோம். பட்டறைப் பையன் பழைய சாமான் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். இந்தப் பத்தியில் நான் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் பின்னால் தனித்தனியாகப் பணம் கட்டினேன்.

19 நாள் கழித்து வண்டி வெளியே வந்தது. பதினோராவது நாள், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது கியர் விழவில்லை. பெடலை முழுக்க மிதித்தும் கர்ரென்கிறது. எஞ்சினை அணைத்தால் கியர் விழுகிறது, ஓடும்போது விழவில்லை. கிளட்ச் விடுவிக்கவில்லை என்று அர்த்தம். மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், காற்று எடுப்பு என்று வெளியில் உள்ளதையெல்லாம் இரண்டு நாள் நோண்டினோம். கடைசியில் பெட்டியை இறக்கினால் குற்றவாளி பைலட் பேரிங். ஃபிளைவீலின் நடுவில், இன்புட் ஷாஃப்டின் மூக்கைத் தாங்கும் சின்னப் பேரிங். மொத்தப் பில்லில் அதைவிட மலிவான பேரிங் இல்லை. அது இறுகிப்போனதால் பெடலை மிதித்தாலும் ஃபிளைவீல் ஷாஃப்டைக் கூடவே சுழற்றிக்கொண்டிருந்தது.

இதில் நான் செய்த தப்பு ஓர் எழுத்து. பேரிங்கின் நம்பர் 6305. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வரும், 05 என்றால் 25 மில்லிமீட்டர். இந்தக் கணக்கு எனக்குத் தெரியும் என்கிற மிதப்பில் ‘6305 ஒண்ணு குடுங்க’ என்றேன், கொடுத்தார்கள். அளவு அச்சாகப் பொருந்தியது. ஆனால் பட்டியலில் இருந்தது 6305 2ஆர்எஸ் சி3. 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் சீல். சி3 என்றால் உள்ளே குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி. ஃபிளைவீல் குழியில் இறுக்கி அடிக்கும்போது வெளிவளையம் கொஞ்சம் ஒடுங்கும், பிறகு கிளட்சின் சூட்டில் எல்லாம் விரியும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் குண்டு உருள இடமில்லை. எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகளை யாரும் அலங்காரத்துக்குப் போடுவதில்லை. ‘அதே நம்பர்தான் சார், அதெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்று கடையில் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

இந்த முறை ஃபிளைவீலை லேத்துக்கு அனுப்பினேன். முகத்தைச் சீவிய பிறகு டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் அளவி) வைத்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய கிளட்சுகளுக்கு முகத்தின் ஆட்டம் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு, உங்கள் கையேடு இன்னும் இறுக்கமாகச் சொன்னால் அதுதான் கணக்கு. குழிந்த வகை ஃபிளைவீல் என்றால் முகத்தைச் சீவிய அளவே பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பையும் சீவ வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் குறைந்து, புது செட்டே வழுக்கும். நாலு நாளில் வண்டி ரெடி. பெட்டியைப் பிரிக்கவில்லை, பிரித்திருக்கலாம்.

அடுத்த 7,000 கிலோமீட்டருக்குள் ஓர் ஊளை ஆரம்பித்தது. எல்லாக் கியரிலும் ஊளை, டைரக்ட் கியரில் மட்டும் அடங்கிவிடும். டைரக்டில் சக்தி இன்புட் ஷாஃப்டிலிருந்து நேராக மெயின் ஷாஃப்டுக்குப் போகும், பக்கத்தில் ஓடும் துணைத் தண்டான லே ஷாஃப்ட் சும்மா சுற்றும். மற்றக் கியரில் பாரம் லே ஷாஃப்ட் வழியாகத்தான் போகும். ஆக, போனது லே ஷாஃப்ட் பேரிங். மூன்றாவது கியரும் மறுபடி உரச ஆரம்பித்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. பேரிங் விற்ற விநியோகஸ்தரிடம் நேராகப் போய், நாலு பேர் முன்னால் ‘டூப்ளிகேட் சரக்கை ஒரிஜினல் விலைக்கு வித்திருக்கீங்க’ என்று கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. ‘கழட்டிக் கொண்டாங்க, பாத்துப்போம்’ என்றார்.

இந்த முறை வேறு பட்டறை. கியர் பாக்ஸ் மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவர். கழற்றிய பேரிங்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், ‘தம்பி, இது ஒரிஜினல்தான். நீங்கதான் இறுக்கிக் கொன்னிருக்கீங்க’ என்றார். டேப்பர் ரோலர் முழுக்க நீலம் பாய்ந்திருந்தது, எண்ணெய்ப் படலம் நிற்க இடமில்லாமல் காய்ந்த சூடு. இந்த வகைப் பேரிங்கின் இறுக்கத்தை மூடிக்கு அடியில் வைக்கும் ஷிம் தகடுகள்தான் தீர்மானிக்கும். புதுப் பேரிங்கின் அகலம் பழையதைவிட நூலளவு மாறும். அதனால் ஒவ்வொரு முறையும் டயல் கேஜ் வைத்து அளந்து, கையேட்டில் சொன்ன ஆட்டமோ இறுக்கமோ வருகிற மாதிரி ஷிம்மைப் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் பட்டறையில் பழைய ஷிம்மையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ‘ஷிம் செட் வேணுமா’ என்று விநியோகஸ்தர் கேட்டதும், ‘பழசு இருக்கு’ என்று நான் சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். 39 நாளில் அந்தப் பத்து நிமிஷம்தான் ரொம்ப நீளம்.

போலி வேறு இடத்தில் இருந்தது. ஹோலோகிராம் ஒட்டிய அந்த ரிங்குகள். சிங்க்ரோ ரிங்கின் உள்பக்கம் மயிரிழை மாதிரி வரிவரியாகக் கூரான திருகு வெட்டு இருக்கும். கியரின் கூம்பில் உட்காரும்போது எண்ணெய்ப் படலத்தை அது அறுத்துத் தள்ளினால்தான் உலோகமும் உலோகமும் பிடித்து, இரண்டின் வேகமும் ஒன்றாகும். என் ரிங்கில் அந்த வெட்டு மழுங்கல். புதிதிலேயே அப்படித்தான் இருந்திருக்கும், நான் விரல் வைத்துப் பார்க்கவில்லை. பெரியவர் ஒரிஜினல் ஒன்றைக் கையில் கொடுத்தார், நகம் மாட்டியது. அதே ரிங்கைக் கூம்பில் அழுத்தி ஒரு சுற்று திருப்பினார், கவ்விக்கொண்டது. போலி வழுக்கிச் சுற்றியது. பிறகு ரிங்கை அழுத்திப் பிடித்து, அதன் பல்லுக்கும் கியரின் பல்லுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு மூன்று இடத்தில் அளந்தார். என் பெட்டிக்குக் குறைந்தபட்சம் 0.8 மில்லிமீட்டர் வேண்டும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய போலி ரிங் அதற்குக் கீழே போயிருந்தது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம் போதும், கடையில் கியரைக் கொண்டுபோனால் கவுன்டரிலேயே செய்யலாம். நாய்ப்பல் மழுங்கிய கியரில் எவ்வளவு நல்ல ரிங் போட்டாலும் கியர் கழன்று வரும் என்று அந்தக் கியரை மாற்றச் சொன்னார். அதோடு எப்போதும் பல் கோத்தே சுற்றும் லே ஷாஃப்ட் கியரையும் ஜோடியாக. சிங்க்ரோ ஹப்பும் சிலீவும் ஒரு செட். அந்தச் செலவு வலித்தது, மறுக்கவில்லை.

வாங்குவதைப் பற்றி அவரிடமும் அந்த விநியோகஸ்தரிடமும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். லாரிக் கம்பெனி முத்திரையோடு வரும் கிளட்ச் பெரும்பாலும் சாக்ஸ், வலியோ, லுக் மாதிரியானவர்கள் செய்ததுதான். அதே சாமானை அவர்கள் தங்கள் பெயர் போட்ட அட்டைப்பெட்டியிலும் விற்பார்கள், விலை குறைவாக இருக்கும். அதை வாங்கலாம், தரத்தில் குறையில்லை. மூன்றாவது ரகம், யார் செய்தார்கள் என்றே தெரியாமல் ‘ஒரிஜினல் குவாலிட்டி’ என்று மட்டும் அச்சடித்து வருவது. அதில் நல்லதும் இருக்கலாம், ஆனால் கியர் பாக்ஸைப் பிரித்தால்தான் எட்டும் இடத்தில் அதைப் போடமாட்டேன். கண்ணாடி, விளக்கு, மட்கார்டு என்றால் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரை நம்பாதீர்கள், ஸ்டிக்கர் அடிப்பது ரிங் செய்வதைவிடச் சுலபம். பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய் எடை போட்டுப் பாருங்கள். பில்லில் பார்ட் நம்பரை முழுசாக எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் அதுவே பதில். பேரிங்கில் சந்தேகம் வந்தால் எஸ்கேஎஃப்புக்கு அதற்கென்றே ஒரு செயலி இருக்கிறது, படம் எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்வார்கள். வாரன்டி என்றால் எதற்கு என்று கேளுங்கள். ரிங்குக்கு எனக்கும் ஆறு மாத வாரன்டி இருந்தது. வேறு ரிங் கொடுத்தார்கள், அதே ரகம். இறக்கி ஏற்றிய கூலியை யார் கொடுப்பது?

பழைய சாமான் எல்லாமே ஆகாது என்றும் இல்லை. உடைத்த வண்டியிலிருந்து ஹவுசிங், ஃபோர்க், பல் கெடாத கியர் ஜோடி வாங்கியவர்கள் உண்டு. பேரிங், சிங்க்ரோ ரிங், சீல் மூன்றையும் மட்டும் பழசில் தொடவே கூடாது. சீல் விஷயத்தில் இன்னொன்று: ஷாஃப்டில் சீலின் உதடு உரசும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் எவ்வளவு விலையுயர்ந்த சீல் போட்டாலும் கசியும். அந்த இடத்தில் மெல்லிய எஃகு உறை ஒன்றை ஏற்றிவிட்டுச் சீல் போட்டார் பெரியவர்.

மாட்டும்போது அவர் என்னைக் கூடவே நிற்க வைத்தார். ஸ்ப்ளைனில் கிரீஸைத் தடவிவிட்டு முக்கால்வாசியைத் துடைத்தெடுத்தார், மிஞ்சினால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் போய் விழுமாம். பெட்டியை ஏற்றும்போது அதன் எடையை ஒரு நொடிகூட கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியில் தொங்கவிடக் கூடாது என்று ஜாக்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. தொங்கினால் புதுப் பிளேட் வளையும், பிறகு ஆயுசுக்கும் உதறும். எண்ணெய் ஊற்றும் நேரத்தில் என் கையிலிருந்த டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கியது ஜிஎல்-5 தரக் கியர் எண்ணெய், டிஃபரென்ஷியலுக்குப் போடுவது. என் பெட்டிக்கு ஜிஎல்-4. ஜிஎல்-5 எண்ணெயில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானம் சில வகைகளில் பித்தளையை அரிக்கும், வழவழப்பும் அதிகமாகி ரிங்கைப் பிடிக்க விடாது. ‘நம்பர் பெருசா இருந்தா ஒசத்தின்னு நெனச்சியா?’ என்றார். ஆமாம் அண்ணே என்றேன்.

16 நாளில் வெளியே வந்தேன். ஊளை போய்விட்டது, மூன்றாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது, டபுள் கிளட்ச் அடிக்கும் காலைத்தான் இன்னும் அடக்க முடியவில்லை. ரிவர்ஸில் மட்டும் லேசான கரகரப்பு இருக்கிறது. ஐட்லர் கியரின் பல்லில் சின்னக் கீறல் இருப்பதைப் பெரியவர் காட்டினார், சரியான சாமான் வர மேலும் இரண்டு வாரம் ஆகும் என்றார்கள், அப்படியே கோர்க்கச் சொல்லிவிட்டேன். அதன் பார்ட் நம்பர், பல் எண்ணிக்கை, பின்னால் வரும் எழுத்து உட்பட, கண்ணாடிக்கு மேலே உள்ள வெயில் மறைப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.